எஞ்சின் எண்ணெயின் கெட்டித்தன்மை

ஆயில் எஞ்சின், டிராக்டர், பவர் டில்லர் முதலிய யந்திரங்களைக் கொண்டு பயிரிடும் விவசாயிகள், அவற்றின் எண்ணெயை எத்தனை மணி நேர வேலைக்கு ஒரு முறை மாற்றவேண்டும் என்பதைப் பெரும்பாலும் அறிந்திருக்கின்றனர். ஆனால், எவ்வளவு கெட்டித்தன்மையுள்ள எண்ணெயை ஊற்றவேண்டும் என்னும் விஷயத்தில் அவர்களுட் பலர் கடைக்காரர் சொல்லையோ, பட்டறைக்காரர் வழக்கத்தையோ, தம் விரல் நுனியையோ நம்பி நடக்கின்றனர். டப்பாவைத் திறந்து, இரண்டு விரல்களுக்கிடையே ஒரு துளியைத் தேய்த்துப் பார்த்து, பிசுபிசுவென்று ஒட்டினால் கனமான ஆயில் என்று திருப்தியடைவதும், வழுக்கி ஓடினால் தண்ணீராயிருக்கிறதென்று தள்ளிவிடுவதும் எங்கும் காணப்படும் வழக்கம். இதனால் விளையும் நஷ்டம் உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை. நடவு நட்ட வயல் காய்ந்துகொண்டிருக்கும் வேளையிலோ, அறுப்புக்குமுன் மழை இருண்டு வரும் வேளையிலோ, எஞ்சின் முனகி, இறுகி, நின்றுவிடும்பொழுதே தெரிகிறது. அப்பொழுது கிராங்க் ஷாப்டைக் கழற்றிக்கொண்டு நகரத்துப் பட்டறைக்கு ஓடவேண்டும். அது திரும்பி வருமட்டும் பயிர் காத்திராது. ஆதலின் இவ்விஷயத்தைச் சற்று விரிவாக ஆராய்வது பிரயோஜனமாகும்.

நம் முன்னோர் மாட்டு வண்டிக்கு மை போட்ட முறையிலிருந்து தொடங்கலாம். வைக்கோலைக் கரித்து, அக்கரியை விளக்கெண்ணெயில் குழைத்து, அச்சில் தடவினார்கள். மூட்டைகளின் பாரம் முழுவதும் அச்சின்மீது நிற்கிறது. மாடு நடக்கும் வேகத்தில் பெரிய சக்கரமோ நிமிஷத்திற்கு ஏறக்குறைய 15 சுற்றுக்களே சுற்றுகிறது. இவ்வளவு மெதுவாகச் சுழலும் அச்சில் நீர்த்த எண்ணெயை விட்டால், பாரத்தினால் பிதுக்கப்பட்டு அது வெளியே வழிந்துவிடும். ஆகையால் அங்கே மை கெட்டியாயிருப்பதே முறை. வண்டி மை கற்பித்த இப்பாடம் நம்மவர் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது. எண்ணெய் கெட்டியாயிருக்குமளவிற்கு யந்திரத்திற்குக் காவல் அதிகம் என்னும் கொள்கை அதிலிருந்தே வந்ததாகத் தோன்றுகிறது. எஞ்சினுக்குள் நடப்பது வேறு விதம்.

அதனை முதலில் கண்டறிந்த வரலாறு சுவையானது. இங்கிலாந்தில் 1883-ஆம் ஆண்டில் பீசாம்ப் டவர் என்னும் எஞ்சினீயர், ரயில் வண்டி அச்சுக்களின் பேரிங்குகளைச் சோதனை செய்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துவாரம் துளைத்தார். அச்சு சுழலத் தொடங்கியதும், உள்ளே செல்லவேண்டிய எண்ணெய் அத்துவாரத்தின் வழியே மேலெழுந்து வழிந்தது. தக்கையால் அடைத்துப் பார்த்தார். மரமுளையால் அடைத்துப் பார்த்தார். இரண்டையும் எண்ணெய் வெளியே தள்ளிவிட்டது. பிறகு அங்கே அமுக்கமானியைப் பொருத்தியபோது, சதுர அங்குலத்திற்கு 200 ராத்தல் வரை காட்டக்கூடிய அதன் முள் எல்லையைக் கடந்து சென்றது. பேரிங் தாங்கிய சராசரிப் பாரமோ சதுர அங்குலத்திற்கு 100 ராத்தல்தான். அச்சு உலோகத்தின்மீது உட்கார்ந்து உராயவில்லை. எண்ணெயின்மீது மிதந்து கொண்டிருந்தது என்பது இதனால் விளங்கிற்று. 1886-இல் ஆஸ்பார்ன் ரெனால்ட்ஸ் என்னும் பேராசிரியர் இதற்குரிய கணக்கை வகுத்தார்.

இவ்விதம் மிதப்பதற்குக் காரணம் யாதெனில், சுழலும் அச்சு தன்னைச் சுற்றியுள்ள எண்ணெயைத் தன்னுடன் இழுத்துச் செல்கிறது. பாரத்தினால் அச்சு ஒரு பக்கம் சாய்ந்திருப்பதால், இடைவெளி அகலமாகத் தொடங்கி வரவரக் குறுகுகிறது. அகன்ற வாயில் புகுந்த எண்ணெய் குறுகிய இடத்தில் நெருக்கப்படும்பொழுது, ஆப்பு அடித்தாற்போல அச்சைத் தூக்கி நிறுத்துகிறது. எண்ணெயை இழுத்துச் செல்லும் வேகமும், எண்ணெயின் கெட்டித்தன்மையும், மேலிருந்து அழுத்தும் பாரமும் சேர்ந்தே இப்படலத்தின் கனத்தை நிச்சயிக்கின்றன. வேகம் குறைவாயின் கெட்டித்தன்மை மிகவேண்டும். வேகம் மிகுதியாயின் நீர்த்த எண்ணெயே அச்சைத் தூக்கிவிடும்.

இடைவெளியின் அளவையும் கவனிக்கவேண்டும். எஞ்சின் பேரிங்குகளில், அச்சின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை இடைவெளியாக விடுவது பொதுவான கணக்கு. அஃதாவது 50 மில்லிமீட்டர் பருமனுள்ள அச்சிற்கு 0.05 மில்லிமீட்டர். இது தலைமயிரின் பருமனினும் குறைவு. இந்தச் சந்தின் வழியாக எண்ணெய் இடைவிடாமல் புகுந்து வெளிவந்து கொண்டிருக்கவேண்டும். ஏனெனில் அச்சைத் தூக்குவதோடு, அங்கே உண்டாகும் உஷ்ணத்தை வாரிக்கொண்டு போவதும் எண்ணெயின் வேலையாகும். மிகக் கெட்டியான எண்ணெய் இச்சந்தில் தாராளமாகப் பாயாது. அன்றியும் தன் பிசுக்கினாலேயே அச்சைப் பிடித்திழுத்து உஷ்ணத்தை அதிகமாக்கும். டீஸலில் ஒரு பகுதி எண்ணெயைக் கலக்குவதற்கே செலவாகும். வாய்க்காலில் சேறு ஓடுவதற்கும் நீர் ஓடுவதற்கும் உள்ள வித்தியாசம் போன்றது இது.

இனி உஷ்ணத்தைப் பற்றிக் கூறவேண்டும். விரலால் தொட்டுப் பார்க்கும் சோதனை பயனற்றது என்பது இங்கேதான் தெளிவாகும். காய்ச்சிய வெல்லப்பாகு சட்டியிலிருக்கும்பொழுது தளதளவென்றிருந்து, ஆறினபின் கட்டியாவதை எல்லோரும் அறிவர். எண்ணெயும் அவ்வாறே உஷ்ணத்திற்கேற்ப மாறுகிறது. 40 எண்ணுள்ள சாதாரண ஒற்றை எண் எண்ணெய், சென்டிகிரேடு 40 டிகிரியில் இருப்பதைவிட 100 டிகிரியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கெட்டித்தன்மையே உடையதாகிறது. கடைவாசலில் நம் விரல் அறிவது 30 டிகிரி எண்ணெயை. வேலை செய்யும் எஞ்சினின் அடித்தொட்டியிலோ எண்ணெய் 90 முதல் 110 டிகிரி வரை சூடேறி நிற்கிறது. பேரிங்கின் மெல்லிய சந்தில் அதனினும் சூடு அதிகம். எண்ணெய்களைத் தரம் பிரிக்கும் சோதனைகளுள் ஒன்று 150 டிகிரியில் செய்யப்படுகிறது. அச்சோதனையில் 15டபிள்யூ-40 எண்ணெய் காட்டவேண்டிய குறைந்தபட்ச கெட்டித்தன்மை 3.7 ஆகும். அதே அளவையில், நம் கிணற்று நீர் சாதாரண உஷ்ணத்தில் ஏறக்குறைய 1. ஆகவே, கனமானதென்று நாம் தேர்ந்தெடுத்து ஊற்றிய எண்ணெயும் மிகச் சூடான இடத்தில் தண்ணீரைப்போல் நான்கு பங்கு கெட்டியாகக்கூட இராமலே கிராங்க் ஷாப்டைத் தாங்குகிறது!

டப்பாவின்மேல் அச்சிட்டுள்ள எண்களின் பொருளை இனிப் பார்ப்போம். அமெரிக்காவிலுள்ள மோட்டார் எஞ்சினீயர்கள் சங்கம் 1911-ஆம் ஆண்டில் எண்ணெய்களைக் கெட்டித்தன்மைக்கேற்ப எண்ணிட்டுப் பிரிக்கும் முறையை ஏற்படுத்திற்று. அதன் பெயரின் முதலெழுத்துக்களே டப்பாவில் எஸ்.ஏ.இ. என்று காணப்படுகின்றன. 20, 30, 40, 50 என்னும் எண்கள் 100 டிகிரி சூட்டில் அளந்த கெட்டித்தன்மையைக் காட்டும் படிகளாகும். அவ்வெண்ணே அளவு அன்று. சென்டிஸ்டோக் என்னும் அளவையில் 30-ஆம் படி 9.3 முதல் 12.5 வரையிலும், 40-ஆம் படி 12.5 முதல் 16.3 வரையிலும், 50-ஆம் படி 16.3 முதல் 21.9 வரையிலும் செல்லும். ஒரே 40 என்று எழுதியுள்ள இரண்டு டப்பாக்களில் ஒன்று 13 ஆகவும் மற்றொன்று 16 ஆகவும் இருக்கலாம். இரண்டும் சட்டப்படி 40-தான்.

15டபிள்யூ-40, 20டபிள்யூ-40 என்று இரட்டை எண்ணாக இருப்பின், முதலில் உள்ளது குளிர்காலத்திற்குரியது. டபிள்யூ என்னும் எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. 15டபிள்யூ எண்ணெயானது பூஜ்யத்திற்குக் கீழ் 20 டிகிரிக் குளிரிலும், 20டபிள்யூ எண்ணெயானது பூஜ்யத்திற்குக் கீழ் 15 டிகிரிக் குளிரிலும், எஞ்சினைச் சுழற்றவிடாமல் தடுக்குமளவிற்கு உறைந்துவிடாது என்பதே அதன் பொருள். உறைபனி விழும் உதகமண்டலத்தில்கூட இத்தகைய குளிர் கிடையாது. ஆகவே நம் சமவெளிகளில் பம்பு எஞ்சின் வைத்திருப்போர் 5டபிள்யூ, 0டபிள்யூ என்று முதலெண் குறையக் குறைய விலை ஏறும் எண்ணெய்களை, கைப்புத்தகம் கேட்டாலன்றி, வாங்கவேண்டிய அவசியம் சிறிதும் இல்லை. ஆனால் இரட்டை எண் எண்ணெயில் வேறொரு நன்மை உண்டு. உஷ்ணத்தில் விரிந்து நின்று எண்ணெய் மிக நீர்த்துவிடாதபடி தடுக்கும் ஒருவகை நீண்ட அணுக்கோவைப் பொருளை அதில் கலந்திருக்கின்றனர். அதனால் விடியற்காலையில் எஞ்சினைக் கிளப்பும்போது அது ஒற்றை 40-ஐவிட இளகி விரைவில் மேலே ஏறுகிறது. சூடேறினபின் 40-க்குரிய கனத்துடன் நிற்கிறது. எஞ்சினின் தேய்மானத்தில் கணிசமான பங்கு, கிளப்பிய முதற்சில விநாடிகளில், எண்ணெய் மேலே எட்டுவதற்குமுன் நேர்வதாகையால், இந்நன்மையை அற்பமாக எண்ணலாகாது. ஓயாமல் நசுக்கப்படுவதால் அப்பொருள் நாளடைவில் துண்டுபட்டு, எண்ணெய் சற்று நீர்த்துப்போகும் என்பதும் உண்மையே. குறித்த காலத்தில் மாற்றிவிடுவோர்க்கு இதனால் கெடுதியில்லை.

வேகத்திற்கும் கெட்டித்தன்மைக்குமுள்ள சம்பந்தத்தை விளக்க இரண்டு மூன்று யந்திரங்களை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் லிஸ்டர் கம்பெனியார் செய்த பழைய 6 குதிரைச் சக்தி டீஸல் எஞ்சின் நிமிஷத்திற்கு 650 சுற்றுக்கள் சுற்றுவது. ராஜ்கோட்டில் அதே அமைப்பில் ஏராளமான எஞ்சின்கள் செய்யப்பட்டன. இன்று நம் வயல்களில் காணும் 5 குதிரைச் சக்தி எஞ்சின்களிற் பல 1,500 சுற்றுக்கள் சுற்றுபவை. இவற்றிற்குப் பெரும்பாலும் 20டபிள்யூ-40 விற்கப்படுகிறது. இனி, விவசாயிகளின் பிள்ளைகள் ஆசையுடன் பேசும் வேகக் கார்களைப் பார்ப்போம். ஜப்பானிய ஹோண்டா கம்பெனியார் 1999-ஆம் ஆண்டு முதல் விற்ற எஸ்-2000 என்னும் காரின் எஞ்சின் நிமிஷத்திற்குச் சுமார் 9,000 சுற்றுக்கள் வரை சுழலக்கூடியது. இத்தனை வேகத்திற்கு எவ்வளவு கனமான எண்ணெய் வேண்டுமோ என்று ஒருவர் எண்ணலாம். அமெரிக்காவில் விற்ற அக்காரின் கைப்புத்தகம் விதித்தது 10டபிள்யூ-30. அஃதாவது நம் பம்பு எஞ்சினுக்கு ஊற்றுவதைவிட ஒரு படி நீர்த்த எண்ணெய். வேகமே படலத்தை உண்டாக்கிவிடுவதாலும், நெருக்கமான இடைவெளியில் எண்ணெய் விரைந்து பாயவேண்டியிருப்பதாலும் அவ்வாறு விதித்தனர்.

இதைக்கொண்டு வேகமான எஞ்சின்களுக்கெல்லாம் நீர்த்த எண்ணெயே ஏற்றதென்று முடிவு கட்டுதலும் தவறாகும். ஏறக்குறைய அதே காலத்தில் ஜெர்மானிய பி.எம்.டபிள்யூ. கம்பெனியார் செய்த எம்-3 என்னும் காரின் எஞ்சின் 8,000 சுற்றுக்கள் வரை செல்வது. அதற்கு அவர்கள் விதித்தது 10டபிள்யூ-60. இஃது ஹோண்டாவின் எண்ணெயைவிட மூன்று படி கனமானது. இரண்டும் பந்தய வேகத்தில் ஓடும் கார்களே. பேரிங்கின் அகலம், இடைவெளி, பிஸ்டனின் எடை, எண்ணெய் ஏறும் சூடு ஆகியவை எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடுவதால், அவற்றைக் கணக்கிட்டவருக்கே தக்க எண்ணெய் எதுவென்று தெரியும். ஒரு காருக்கு உகந்ததை மற்றொன்றில் ஊற்றினால், எண்ணெய் எவ்வளவு விலையுயர்ந்ததாயினும், எஞ்சினுக்குத் தீங்கே.

விளக்கெண்ணெயைப் பற்றிய ஒரு செய்தியையும் இங்கே குறிப்பிடுதல் பொருந்தும். ஆமணக்குப் பயிரிடுவோர்க்கு அது மகிழ்ச்சி தரலாம். முதல் உலக யுத்த காலத்து ஆகாய விமானங்களில், சிலிண்டர்களே சுழலும் ஒருவகை எஞ்சின்களுக்கு விளக்கெண்ணெயே மசகெண்ணெயாக இருந்தது. லண்டன் வேக்பீல்டு கம்பெனியார் 1909-இல் வெளியிட்ட 'காஸ்ட்ரால்' என்னும் எண்ணெயின் பெயரும், அதில் கலந்திருந்த விளக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததே. 100 டிகிரி சூட்டில் விளக்கெண்ணெய் ஏறக்குறைய 50-ஆம் படியில் நிற்பது. பெட்ரோலில் எளிதில் கரைந்துபோகாதது. ஆயினும் இக்காலத்து டீஸல் எஞ்சினில் ஒருவரும் அதை ஊற்றிப் பார்க்கவேண்டாம். சூட்டினால் காலக்கிரமத்தில் அது பிசினாக உறைந்து ரிங்குகளை ஒட்டவைத்துவிடும். மண்ணிலிருந்தெடுக்கும் எண்ணெயுடன் சரிவரக் கலப்பதுமில்லை.

இனி நம் விவசாயிகளை அதிகமாக ஏமாற்றும் விஷயத்திற்கு வருவோம். அஃது எண்ணெய் அமுக்கமானியின் முள். எஞ்சின் பழசாகி, பேரிங்குகளின் இடைவெளி அகன்றுவிட்டால், சூடேறிய எண்ணெய் அச்சந்துகளின் வழியே எளிதில் வழிந்துவிடுவதால் முள் தாழ்கிறது. உடனே ஒருவர், அடுத்த முறை 50 ஊற்றினால் சரியாகிவிடும் என்று யோசனை கூறுகிறார். அவ்வாறே ஊற்றினால் முள் ஏறத்தான் ஏறும். ஆனால் முள் காட்டுவது எண்ணெயை எவ்வளவு தடுத்து நிறுத்துகிறோம் என்பதையே. எவ்வளவு எண்ணெய் பேரிங்கிற்குச் சென்றது என்பதை அது அறியாது. எண்ணெய் பம்பை அடுத்து ஒரு வால்வு இருக்கிறது. அமுக்கம் குறித்த அளவுக்கு மேற்பட்டால் அது திறந்து, மிகுதி எண்ணெயைத் தொட்டிக்கே திருப்பிவிடும். காலையில் கிளப்பியவுடன் கனமான எண்ணெய் இவ்வால்வைத் திறந்துகொண்டு தொட்டிக்கே திரும்புகிறது. மேலேயுள்ள பேரிங்குகள் வறண்டு கிடக்கின்றன. முள் மட்டும் உச்சியில் நின்று, எஞ்சின்காரருக்கு அபயம் அளித்துக்கொண்டிருக்கிறது.

தேய்ந்த எஞ்சினில் கனமான எண்ணெயை ஊற்றினால் தட்டும் ஓசை அடங்குவதும், நீலப் புகை குறைவதும் உண்மையே. இவை நோயின் அடையாளங்களை மறைப்பனவேயன்றி, நோயைத் தணிப்பன அல்ல. ஓசை முதலில் கேட்டபொழுதே பட்டறைக்குக் கொண்டுபோயிருந்தால், கிராங்க் ஷாப்டை 0.25 மில்லிமீட்டர் கடைந்து, அதற்கேற்ற புது மெட்டல் பேரிங்குகளைப் பொருத்தி, சொற்பச் செலவில் மீட்டிருக்கலாம். கனமான எண்ணெயைக் கொண்டு ஓசையை அடக்கி இரண்டு போகம் ஓட்டினபின் கொண்டுபோனால், ஷாப்டு முட்டை வடிவாய்த் தேய்ந்து, பள்ளம் விழுந்து, கடைவதற்கும் இடங்கொடாத நிலையிலிருக்கும். மெட்டல் சுழன்று, கனெக்டிங் ராடு ஒடிந்து, எஞ்சின் பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளிவருவதும் உண்டு. விற்கப்போகும் பழைய எஞ்சினில் இந்த உபாயத்தைச் செய்துவைப்போர் இருப்பதால், பழைய எஞ்சின் வாங்குவோர், அது முழுச் சூடேறிய பின்னரே ஓசையையும் முள்ளையும் கவனிக்கவேண்டும். கூடுமானால் கைப்புத்தகத்தில் விதித்த எண்ணெயை ஊற்றச் செய்து பார்க்கவேண்டும்.

அமுக்கப் பம்பு இல்லாத சிறு எஞ்சின்கள் சிலவற்றில், கனெக்டிங் ராடின் அடியிலுள்ள ஒரு கரண்டி தொட்டியிலுள்ள எண்ணெயை அடித்துச் சிதறச் செய்கிறது. அங்கே கனமான எண்ணெய் இன்னும் கெடுதி. குளிர்ந்திருக்கையில் எண்ணெய் துளித்துளியாகச் சிதறாமல், கரண்டி சென்ற வழியே ஒரு பள்ளத்தை விட்டுவிட்டு அசையாமல் நிற்கும். இவ்வெஞ்சின்களைக் கிளப்பியவுடன் பம்பின் பாரத்தை ஏற்றாமல், ஓரிரு நிமிஷம் வெறுமனே ஓடவிடுவது நலம்.

அப்படியாயின் கெட்டித்தன்மையை ஒரு படி உயர்த்துவது ஒருபொழுதும் ஆகாதோ என்று கேட்கலாம். ஆகும் இடமுண்டு. பெரும்பாலான கைப்புத்தகங்களில், வெளி உஷ்ணத்திற்குத் தக்கபடி எந்த எண்ணை உபயோகிக்கலாம் என்று ஒரு பட்டியல் கொடுத்திருக்கின்றனர். சித்திரை வைகாசியில் நாள் முழுவதும் முழுப் பாரத்தில் உழும் டிராக்டருக்கு, அப்பட்டியல் இரண்டு எண்களை அனுமதித்திருந்தால், கனமானதை எடுத்துக்கொள்வது சரியே. அனுமதித்த எல்லைக்குள் எதை எடுப்பது என்பது விவசாயியின் சௌகரியம். எல்லையைத் தாண்டுவதற்குத்தான் காரணம் கிடையாது. கைப்புத்தகம் தொலைந்துபோனவர்கள் எஞ்சினின் பெயர்ப்பலகையிலுள்ள மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு கம்பெனி விற்பனையாளரைக் கேட்டால் விவரம் கிடைக்கும். அவசர சமயத்தில், எண்ணெய் குறிக்குக் கீழே இறங்கிவிட்டால், வேறு எண்ணுள்ள எஞ்சின் எண்ணெயாயினும் ஊற்றி ஓட்டுவது, குறைந்த எண்ணெயில் ஓட்டுவதைவிட மேலானது. வீடு சேர்ந்தபின் மாற்றிவிடலாம்.

கெட்டித்தன்மை வேறு, தரம் வேறு என்பதையும் மறக்கலாகாது. சி.எச்-4, சி.ஐ-4 என்பன போன்ற குறிகள், டீஸல் புகைக்கரியைத் தாங்குதல், துரு பிடிக்காமல் காத்தல் முதலிய குணங்களைக் காட்டும். எண் சரியாயிருந்து இக்குறி தாழ்ந்திருந்தாலும் எஞ்சின் கெடும்.

கியர் பெட்டிக்குரிய எண்ணெயின் எண்களில் நேரும் குழப்பம் ஒன்றுண்டு. டிராக்டர் கியர் எண்ணெய்களில் 80, 90, 140 என்ற எண்களைக் காணலாம். 90 என்பது எஞ்சின் எண்ணெய் 40-ஐப்போல் இரு மடங்குக்கு மேல் கனமானது என்று எண்ணி, பழைய எஞ்சினுக்கு அதை ஒரு லிட்டர் கலந்து ஊற்றுவோர் இருக்கின்றனர். இவ்விரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். 90 கியர் எண்ணெயின் கனம் 100 டிகிரியில், எஞ்சின் எண்ணெய் 40-க்கும் 50-க்கும் சமீபமானதே. வேண்டிய கனமும் கிடைப்பதில்லை. கியர்ப் பற்களுக்காக அதில் சேர்த்துள்ள கந்தகக் கூட்டுப்பொருள்கள் எஞ்சின் சூட்டில் பேரிங் உலோகத்தை அரிக்கவும் கூடும்.

ஊற்றிய எண்ணெய், வேலை செய்யச் செய்ய, தன் கெட்டித்தன்மையை இழப்பதும் கூட்டிக்கொள்வதும் உண்டு. நாசில் பழுதுபட்டு டீஸல் சொட்டினால், அது ரிங்குகளைத் தாண்டி இறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்யும். அளவுகோலில் எண்ணெய் மட்டம் குறையாமல் ஏறிக்கொண்டே போவதும், முகர்ந்தால் டீஸல் வாசனை வீசுவதும் இதன் அறிகுறிகள். எண்ணெய் மிச்சமாகிறதென்று மகிழ்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். புகைக்கரி மிகுந்தால் எண்ணெய் கெட்டியாகும். நிறம் கறுத்திருப்பது மட்டும் குற்றமல்ல. டீஸல் எஞ்சினில் புது எண்ணெயும் சில மணி நேரத்தில் கறுத்துவிடும்.

இதைச் சோதித்தறிய வீட்டிலேயே ஒரு வழியுண்டு. ரெட்வுட் என்பவரின் பெயரால் வழங்கும் பழைய கருவியில், குறித்த சூட்டிலுள்ள எண்ணெய் 50 கன சென்டிமீட்டர், ஒரு சிறு துவாரத்தின் வழியே ஒழுகி முடிய எத்தனை விநாடி ஆகிறதென்று அளப்பார்கள். அம்முறையையே எளிதாக்கிக்கொள்ளலாம். ஒரு சிறு டப்பாவின் அடியில் மெல்லிய ஆணியால் ஒரு துவாரமிட்டு, உட்புறம் ஒரு கோடு கீறிக்கொள்க. அதே பெயரும் எண்ணுமுள்ள புது எண்ணெயை ஒரு கிண்ணத்திலும், எஞ்சினிலிருந்து எடுத்துத் துணியில் வடிகட்டிய பழைய எண்ணெயை மற்றொரு கிண்ணத்திலும் விட்டு, இரண்டையும் வெந்நீர் நிரப்பிய ஒரே பாத்திரத்தில் கால் மணி நேரம் வைத்து ஒரே சூட்டிற்குக் கொண்டுவருக. வெந்நீர் எண்ணெயில் கலவாதபடியும், அருகில் அடுப்பு இல்லாதபடியும் பார்த்துக்கொள்க. பிறகு துவாரத்தை விரலால் மூடி, கோடு வரை புது எண்ணெயை ஊற்றி, விரலை எடுத்து, ஒழுகி முடியும் விநாடிகளைக் கடிகாரத்தால் எண்ணுக. டப்பாவைத் துடைத்து, பழைய எண்ணெயையும் அவ்வாறே செய்க. இருமுறை செய்து சராசரி காண்பது நலம். பழைய எண்ணெய்க்கு ஆகும் நேரம், புதியதன் நேரத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால், டீஸல் கலந்துவிட்டதென்று சந்தேகித்து நாசிலைச் சோதிக்கவேண்டும். அதே அளவு கூடியிருந்தால், கரி மிகுந்து, மாற்றும் காலம் கடந்துவிட்டதென்று கொள்ளலாம். இரு நிலையிலும் எண்ணெயை உடனே வடித்துவிடுக. வடித்ததை வாய்க்காலிலோ வயல் வரப்பிலோ கொட்டாமல், மூடியுள்ள டப்பாவில் சேர்த்துவைத்து, பழைய எண்ணெயைச் சுத்தி செய்ய வாங்குவோரிடம் கொடுக்கவும்.